‘வல்லவன்’ எந்தப் படம்?

2006 தீபாவளி முடிந்த கையோடு மஸ்ஜித் இந்தியாவில் ஒரு பாட்டுக்கடையில் நுழைந்து, “வல்லவன் இருக்கா அண்ணே?” என்று கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கை நீட்டி ஒரு குறுந்தட்டை எடுத்து மேசையில் வைத்தார். அட்டையில் சிலம்பரசன் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இது இல்லண்ணே. நம்ம ஊரு பையன்க பாடினது. யோகி பி.”

அவர் நெற்றியைச் சுருக்கினார். “அது எந்தப் படம் தம்பி?”

அந்தக் கேள்வியில் அவர் குற்றம் ஏதும் இல்லை. அவர் கடை அலமாரி முழுக்கப் படப் பெயர்ப்படிதான் அடுக்கியிருந்தது. ரஜினிக்கு ஒரு தட்டு, விஜய்க்கு ஒன்று, இளையராஜாவுக்கு ஒன்று, பழைய பாட்டுக்கு ஒன்று. படம் இல்லாத பாட்டு என்றால் ஒரே ஒரு மூலை, அது பக்திப் பாடல்களுக்கு. சீர்காழி கோவிந்தராஜன் பக்கத்தில் யோகி பியைக் கொண்டுபோய் வைக்க யாருக்குத்தான் மனம் வரும்?

ஒரே ஆண்டில் ஒரே பெயரில் இரண்டு ‘வல்லவன்’. ஒன்று சென்னையிலிருந்து நாயகன், நாயகி, யுவன் சங்கர் ராஜா என்று முழுப் பட்டாளத்தோடு வந்து இறங்கியது. மற்றொன்று இந்த மண்ணில் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்ற மூன்று பேர் ‘யோகி பி & நட்சத்திரா’ என்ற பெயரில் போட்ட ராப் ஆல்பம். முன்னதற்கு அலமாரியில் இடம் தயாராக இருந்தது. பின்னது தன் இடத்தைத் தானே தேடிக்கொண்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அந்த இடம் கிடைத்ததா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

முடி நீண்ட காலம்

இந்த நாட்டில் எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்குச் சத்தமான இசை என்றால் மலாய் ராக்தான். 1981-இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய ‘சர்ச்’ குழுவும், அதையடுத்து வந்த ‘விங்ஸ்’ குழுவும் இளைஞர்களை ஆட்டிவைத்தன. 1989-இல் வெளியான சர்ச் குழுவின் ‘ஃபெனோமெனா’ ஆல்பத்தில் இருந்த ‘இசபெல்லா’ பாட்டு இந்தோனேசியா வரை போனது. அந்தப் பாட்டை முணுமுணுக்காத ஆள் நம் வீடுகளிலும் இல்லை. இறுக்கமான ஜீன்ஸ், தோள்வரை முடி என்று தோட்டத்துப் பையன்களும் திரிந்தார்கள்.

பெரியவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1992-இல் தகவல் அமைச்சராக இருந்த முகமட் ரஹ்மாட், நீண்ட முடி வைத்த ராக் பாடகர்கள் ஆர்டிஎம் திரையில் தோன்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். சர்ச்சின் ஏமி, விங்ஸின் அவி இருவருமே கடைசியில் முடியைக் கொடுத்துத்தான் திரைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. “பார்த்தியா, அரசாங்கமே வெட்டிடுச்சு, நீ எப்போ வெட்டப் போறே?” என்று கேட்காத தமிழ் அப்பாக்கள் அந்த ஆண்டில் குறைவு.

ஆனால் ஒன்று. இத்தனை பேர் ராக் கேட்டும், தமிழில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு ராக் ஆல்பம் நம் ஊர்க் கடைகளில் என் கண்ணில் பட்டதில்லை. ஏன்?

எனக்குத் தோன்றும் காரணம் மிகச் சாதாரணமானது. ராக் குழுவுக்கு டிரம் செட் வேண்டும், கித்தார்கள் வேண்டும், ஆம்ப்ளிஃபையர் வேண்டும், எல்லாவற்றையும் வைத்து அடித்துப் பழக ஓர் அறை வேண்டும். தோட்டத்து லயன் வீட்டிலோ, தோட்டம் துண்டாடப்பட்டபின் குடிவந்த அடுக்குமாடி வீட்டிலோ அதற்கு வழி ஏது? அந்தக் கருவிகள் எல்லாம் வைத்திருந்தவர்கள் மெல்லிசைக் குழுக்காரர்கள். அவர்களுக்குக் கல்யாண மண்டபத்தில் சோறு போட்டது சினிமாப் பாட்டு. மாப்பிள்ளை வீட்டார் காசு கொடுத்துக் கேட்பது ‘ராஜா பாட்டு’ என்றால், சொந்தப் பாட்டை யார் வாசிப்பார்கள்?

தமிழர்கள் போன மூன்று வழி

சத்தமாகப் பாட ஆசைப்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் அதற்காகச் சும்மா இருந்துவிடவில்லை. ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள்.

முதல் வழி பினாங்கிலிருந்து வந்தது. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற சகோதரர்களின் ‘எல்லிகேட்ஸ்’ குழு. பெரிய சுருட்டை முடியோடு மேடையேறிய அவர்கள் மலாய் மொழியில் பாடினார்கள். 1979-இல் வந்த ‘தெரிமா காசே’ ஆல்பத்துக்குப் பிறகு நாடே அவர்களைத் தன் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டது. கோலாலம்பூரைப் புன்னகைக்கச் சொல்லி அவர்கள் பாடிய பாட்டு இன்றும் இந்நகரத்தின் பாட்டாகவே நிற்கிறது. 2007-இல் லோகா மறைந்தபோது மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லா வீட்டிலும் வருத்தம் இருந்தது. அது பெரிய வெற்றி. அந்த வெற்றியின் மொழி மட்டும் தமிழ் இல்லை.

இரண்டாவது வழி ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம். 1992-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘ருத்ரா’ குழு. ராக்கிலேயே மிகக் கடுமையான மெட்டல் வகையை எடுத்துக்கொண்டு, அதில் உபநிடதங்களையும் வேதாந்தத்தையும் புகுத்தினார்கள். பாடகர் கதிர், டிரம் வாசிக்கும் சிவா என்று குழுவின் தூண்கள் தமிழர்கள். 1998-இல் முதல் ஆல்பம், 2005-இல் ‘பிரம்மவித்யா’ வரிசையின் முதல் ஆல்பம் என்று விடாமல் நடந்தார்கள். ‘வேதிக் மெட்டல்’ என்ற பெயரே அவர்களோடு ஒட்டிக்கொண்டது. யூஜின் டைரியாநாதன் என்ற சிங்கப்பூர்க் கல்வியாளர் இவர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதினார். இவர்கள் பெரும்பாலும் பாடியது ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும்.

மூன்றாவது வழி கோலாலம்பூரில் திறந்தது. 1998-இல் ‘பொயட்டிக் அம்மோ’ என்ற ராப் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. யோகி பி, பாயின்ட் பிளாங்க், சி லோக்கோ, லேண்ட் ஸ்லைட் என்ற நால்வர். ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டோனீஸ் என்று நான்கு மொழிகளுக்கும் ஒரே ஆல்பத்தில் இடம் கொடுத்தார்கள். நம் பள்ளிக்கூட வளாகத்திலும் மாமாக் கடையிலும் நான்கு மொழியும் கலந்துதானே காதில் விழுகிறது? கேட்டவர்களுக்கு அது புதிதாகவும் இருந்தது, பழகியதாகவும் இருந்தது. ஆனால் தமிழ் அங்கே நான்கில் ஒரு பங்குதான். வீட்டின் முன்கூடத்தில் உட்கார்ந்த விருந்தாளி மாதிரி.

‘வல்லவன்’ அந்த விருந்தாளியை வீட்டுக்காரர் ஆக்கியது.

எதுகை போதுமா?

தமிழில் ராப் என்பது அதற்கு முன்பே காதில் விழுந்த சங்கதிதான். 1994-இல் ‘காதலன்’ படத்தில் ஏ.ஆர்.ரகுமான் ‘பேட்டை ராப்’ போட்டபோது நாம் எல்லோரும் ஆடினோம். ஆனால் அது படத்தில் ஒரு பாட்டு. அடுத்த பாட்டில் நாயகன் வேறு வேலைக்குப் போய்விடுவான். ஓர் ஆல்பம் முழுக்கத் தமிழில் ராப் பாடி நிற்பது வேறு பாரம்.

அந்தப் பாரத்தில் முதல் சிக்கல் மொழியின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. ராப்பின் உயிர் வரியின் கடைசியில் வரும் ஓசை ஒற்றுமை. நம் இலக்கணத்தில் அதற்கு இயைபு என்று பெயர். ஆனால் நம் மரபுக் கவிதை அதிகம் சார்ந்து நிற்பது வரியின் தொடக்கத்தை. முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. அதாவது தமிழின் தாளம் வரியின் தலையில் அடிக்கிறது, ராப்பின் தாளம் வாலில் அடிக்கிறது.

இன்னொரு சிக்கல், தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘வருகிறேன், தருகிறேன், பாடுகிறேன், தேடுகிறேன்’ என்று எழுதினால் இயைபு இலவசமாகக் கிடைத்துவிடும். இலவசமாகக் கிடைப்பதால் சீக்கிரம் சலித்தும் போகும். நான்கு வரிக்கு மேல் கேட்க முடியாது. நல்ல ராப் எழுதுகிறவர் வாக்கியத்தை முறிக்க வேண்டும், வினையை முன்னுக்கு இழுத்துப் பெயர்ச்சொல்லைக் கடைசியில் நிறுத்த வேண்டும். இங்கேதான் ஈரெழுத்துச் சொற்கள் கைகொடுக்கின்றன. ‘படை, நடை, தடை, விடை’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் எழுத்தே கடைசி எழுத்தும் ஆகிவிடுவதால், எதுகையும் இயைபும் ஒரே அடியில் விழுகின்றன. தமிழ் ராப்பில் இந்த மாதிரி குட்டைச் சொற்கள் ஏன் இவ்வளவு வருகின்றன என்பதற்கு இதுதான் விளக்கம்.

அதோடு குறில், நெடில் என்ற அளவு தமிழுக்குள் முன்பே இருக்கிறது. குறிலை அடுக்கினால் வேகம், நெடிலை வைத்தால் நிறுத்தம். பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழில் செய்து காட்டிய சந்த விளையாட்டு அது. தைப்பூசத்தில் பத்துமலைப் படிகளில் உருமி மேளத்தின் நடுவே வளர்ந்த பிள்ளைக்கு, வேகமான தாளத்தின் மேல் சொற்களை ஓட்டுவது அந்நியமாக இருந்திருக்காது. 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளை வைத்துத் தொடங்கிய கலை, நம் ஊரில் வந்து ஒட்டிக்கொண்ட இடம் இதுவாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

செலவு ஒரு பக்கம். ராக் குழுவுக்கு வேண்டிய கருவிகளில் பாதிகூட ராப்புக்கு வேண்டாம். ஒரு மைக், ஒரு கணினி, தாளம் கட்டத் தெரிந்த ஒரு கை, எழுதத் தெரிந்த ஒரு மண்டை. அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கலாம். ராக் கேட்டு வளர்ந்த நம் பையன்கள் ராப்பில் வாய் திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

‘மடை திறந்து’

‘வல்லவன்’ ஆல்பத்தை ஊர் உலகுக்குக் கொண்டுபோன பாட்டு ‘மடை திறந்து’. 1980-இல் பாரதிராஜா இயக்கிய ‘நிழல்கள்’ படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய பாட்டை எடுத்து, நடுவே தங்கள் ராப்பை வைத்தார்கள்.

இந்தத் தேர்வு வெறும் வியாபாரக் கணக்கு என்று அப்போது சிலர் சொன்னார்கள். ‘நிழல்கள்’ பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். அந்தப் பாட்டைப் படத்தில் பாடுகிறவன் இசையமைப்பாளன் ஆகத் துடிக்கும் ஓர் ஏழை இளைஞன். சந்திரசேகர் நடித்த பாத்திரம். வாய்ப்புக் கிடைத்துவிட்டது போலவும், தன் இசை ஊரெல்லாம் பாய்வது போலவும் அவன் காணும் கனவுதான் அந்தப் பாட்டு. படத்தில் அந்தக் கனவு கைகூடுவதில்லை. படமும் வசூலில் தோற்றது. பாட்டு மட்டும் தங்கியது.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, கடை அலமாரியில் இடம் இல்லாத மூன்று மலேசியப் பையன்கள் அதே பாட்டை எடுத்துக்கொண்டார்கள் என்றால், அது யாருடைய கனவு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

வரவேற்பு இரண்டு விதம். நான் அப்போது மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மதிய நேரத்தில் அந்தப் பக்கம் நடந்தால் துணிக்கடை வாசலிலும் பூக்கடை வானொலியிலும் இந்தப் பாட்டு கேட்கும். இளவட்டங்கள் கைபேசியில் அழைப்பொலியாக வைத்திருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் சாப்பாடு முடிந்தபின் ‘டிஜே’ இதைப் போட்டால் மாப்பிள்ளைத் தோழர்கள் மேடைக்கு ஏறிவிடுவார்கள்.

இன்னொரு பக்கம், “ராஜா பாட்டைக் கெடுத்துட்டானுங்க” என்ற புலம்பல். என் மாமா ஒருவர் அந்தப் பாட்டு வந்தால் வானொலியை அணைத்துவிட்டு, மூலப் பாட்டைப் போட்டுக் காது கழுவுவார். சில பெற்றோருக்கு அச்சமும் இருந்தது. தொளதொள சட்டை, தலையில் தொப்பி, கழுத்தில் சங்கிலி என்றாலே குண்டர் கும்பல் என்று பார்த்த காலம் அது. தோட்டத்தை விட்டு நகரத்து ஓரங்களுக்கு வந்த நம் குடும்பங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்ததில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பயத்தில், கோபத்தைத் தாளில் எழுதித் தாளத்தில் பாடுகிற பையனையும், கோபத்தைத் தெருவில் காட்டுகிற பையனையும் நாம் ஒரே கண்ணால் பார்த்தோம்.

சென்னை கூப்பிட்டது

பிறகு நடந்ததுதான் சுவையான முரண். தமிழ்நாட்டிலும் ‘மடை திறந்து’ ஒலித்தது. எப்போதும் அங்கிருந்து இங்கே வரும் பாட்டு, அந்த முறை இங்கிருந்து அங்கே போனது. அடுத்த ஆண்டே கோடம்பாக்கம் கதவு திறந்தது. 2007-இல் வெற்றிமாறனின் முதல் படமான ‘பொல்லாதவன்’ வந்தது. அதில் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துப் பழைய பாட்டான ‘எங்கேயும் எப்போதும்’ புது உருவம் எடுத்தபோது, யோகி பியின் குரல் அதில் இருந்தது. 2011-இல் ‘ஆடுகளம்’, 2017-இல் அஜித்தின் ‘விவேகம்’, 2018-இல் ரஜினியின் ‘காலா’ என்று அந்தக் குரல் தொடர்ந்தது.

நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பாட்டுக்கடை அண்ணன் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் வந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். “யோகி பி எந்தப் படம்?” என்றால் வரிசையாகச் சொல்லலாம். நம் ஊர் ஆல்பத்துக்கு அலமாரி கிடைக்கவில்லை. ஆல்பத்தைப் பாடியவருக்கு சினிமா அலமாரியில் இடம் கிடைத்தது. இரண்டும் ஒன்றல்ல.

இதில் யோகி பியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாட்டு எழுதுகிறவனுக்கும் வீட்டு வாடகை உண்டு. அசல் தட்டு ஒன்று வாங்கிப் பத்துப் பேர் நகல் எடுத்த காலத்தில், பாசார் மாலாமில் நூறு பாட்டு அடங்கிய தட்டு சில வெள்ளிக்குக் கிடைத்த காலத்தில், ஆல்பத்தை மட்டும் நம்பி ஒரு குழு எத்தனை நாள் நிற்கும்? கேட்டு ரசித்த நாம் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினோம் என்று எண்ணிப் பார்த்தால், சினிமாவுக்குப் போனது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அலமாரி போனபின்

இன்று மஸ்ஜித் இந்தியாவில் பாட்டுக்கடைகள் அருகிவிட்டன. 1863-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளிவாசலின் பெயரைத் தாங்கிய அந்தத் தெரு, துணிக்கும் நகைக்கும் பூவுக்கும் இன்னும் கூட்டம் சேர்க்கிறது. ‘லிட்டில் இந்தியா’ என்ற பட்டத்தை 2010-இல் பிரிக்பீல்ட்ஸ் அதிகாரபூர்வமாக வாங்கிக்கொண்டது. கிள்ளானில் தெங்கு கிளானா சாலை இருக்கிறது. மூன்று இடத்திலும் கடை வாசலில் இன்றும் சத்தமாக ஓடுவது பெரும்பாலும் புதுப் படப் பாட்டுதான்.

ஆனால் அலமாரி கைபேசிக்குள் வந்துவிட்டதால் ஒரு நல்லது நடந்திருக்கிறது. படம் இருந்தால்தான் இடம் என்ற கட்டாயம் அங்கே இல்லை. 2021-இல் அறிவும் தீயும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ எந்தப் படத்திலும் இல்லாமல் உலகம் சுற்றியது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன தலைமுறையின் நினைவு அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. ரப்பர் தோட்டத்துப் பேரப்பிள்ளைகளான நமக்கு அது யார் கதை என்று கேட்கத் தேவைப்படவில்லை.

நம் ஊரிலும் ஆண்டுதோறும் இளைஞர்கள் சொந்தப் பாட்டு போடுகிறார்கள். ராப் உண்டு, மெல்லிசை உண்டு, கித்தார் உறுமும் ராக்கும் அங்கங்கே உண்டு. பழைய தடை, வைக்க இடம் இல்லை என்பது. இப்போதைய தடை, கேட்க நேரம் இல்லை என்பது. சென்னைப் படத்தின் முதல் பாட்டு வந்த இரவே பத்துப் பேருக்கு அனுப்பும் நாம், பக்கத்து அடுக்குமாடிப் பையனின் பாட்டு வந்தால் ‘அப்புறம் கேட்கலாம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம்.

‘வல்லவன்’ ஆல்பத்தை இன்றைக்கு யாரிடம் கேட்டாலும் ‘மடை திறந்து’ மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பையன்கள் தாங்களே எழுதித் தாங்களே மெட்டுக் கட்டிய மற்ற பாட்டுகள் அதே ஆல்பத்தில் இருக்கின்றன. ராஜாவின் பாட்டு கதவைத் திறந்துவிட்டது உண்மை. திறந்த கதவு வழியாக உள்ளே போய் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தவர்கள் குறைவு.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த மற்ற பாட்டுகளில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை. கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்வது ஒரு பாடகனுக்கு நாம் தரும் மரியாதைதான்.